மூச்சு விடும் பேட்டரி

"ஐயா, இதுவும் அதே சைஸ்தான். போட்டுப் பாருங்க, சரியா உட்காரும்."

வாட்ச் ரிப்பேர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. காது மிஷின் அணிந்த பெரியவர் ஒருவர், தீர்ந்துபோன பேட்டரியை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கால்குலேட்டருக்கும் பொம்மைக்கும் போடுகிற பட்டன் செல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அவருக்கு ஏமாற்றும் எண்ணம் எதுவும் கிடையாது. அளவு நிஜமாகவே ஒன்றுதான். மிஷினுக்குள் கச்சிதமாக உட்காரும், காதும் கேட்கும். நாலைந்து நாளில் சத்தம் மங்கி, நின்றுபோகும். இன்னொன்று வாங்கிப் போட்டாலும் அதே கதை. மூன்றாவது தடவை "மிஷினே போச்சு போல" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி பீரோவுக்குள் போய்விடும். தாத்தா மறுபடியும் டிவியின் சத்தத்தைக் கூட்டத் தொடங்குவார்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. தப்பு பேட்டரியில்.

இந்தப் பேச்சு கேட்கும் ஊர்களில் ஒன்று, சென்னையின் குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே வந்தால் இருக்கும் அஸ்தினாபுரம். பல்லாவரம் நகராட்சியில் இருந்த பகுதி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. வேலையில் இருந்தபோது மனை வாங்கிப் போட்டு, ஓய்வு பெறும் சமயத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறைந்த ஊர். பிள்ளைகள் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், இன்னொருவர் கடல் கடந்து. காலை நடையில், கோயில் பிரகாரத்தில், ரேஷன் கடை வரிசையில் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன பழுப்பு வளைவு தெரிவது இங்கே இப்போது சாதாரணம். சென்னையின் தெற்குப் புறநகர் முழுக்கவே அப்படித்தான்.

கருவியை வாங்கும்போது குடும்பமே யோசிக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் பரிசோதனை, விலை விசாரிப்பு, தெரிந்தவர்களின் அனுபவம், வெளிநாட்டு மகளிடம் வீடியோ காலில் ஆலோசனை என்று எல்லாம் நடக்கும். பேட்டரி மட்டும் கடைசி நிமிடத்தில் ஓர் அட்டையாகப் பையில் விழும். அதைப் பற்றி யாரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. அடுத்து வரும் வருடங்களில் வாரா வாரம் அந்தப் பெரியவர் கையாளப்போவது அந்தப் பேட்டரியைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, காது கருவியால் பயன் பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதை உண்மையில் பயன்படுத்துகிறார்கள். விலை, கூச்சம், பரிசோதனை வசதி இல்லாமை என்று இதற்குக் காரணங்கள் பல. வாங்கிய பிறகும் கருவி சும்மா கிடப்பதற்கான காரணங்களில் பேட்டரிக்கு ஓர் இடம் உண்டு.

நான்கு வண்ணங்கள்

காது கருவிக்கான பேட்டரியில் புழக்கத்தில் இருப்பவை நான்கு அளவுகள்: 10, 312, 13, 675. எந்தக் கம்பெனி தயாரித்தாலும், எந்த நாட்டில் வாங்கினாலும், அளவுக்கு ஒரு வண்ணம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். 10க்கு மஞ்சள், 312க்கு பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். அட்டையிலும் அந்த வண்ணம் இருக்கும், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்டிக்கரிலும் இருக்கும். கண்ணாடி இல்லாமல் எண்ணைப் படிக்க முடியாத வயதுக்கு இந்த ஏற்பாடு பெரிய உபகாரம்.

எண்களை நம்பி அளவை ஊகிக்கக் கூடாது. 312 என்பது 13ஐ விடச் சின்னது. இரண்டுக்கும் அகலம் 7.9 மில்லிமீட்டர்தான். 312இன் தடிமன் 3.6, 13இன் தடிமன் 5.4. அதனால் 312ஐ 13க்கான குழிக்குள் போட்டால் தொளதொளவென்று ஆடும். 13ஐ 312க்கான குழிக்குள் திணித்தால் மூடி மூடாது. அழுத்தி மூடினால் கீல் உடையும். பேட்டரி மூடியின் கீல் உடைந்து சர்வீசுக்கு வரும் கருவிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் அவசரம்தான் இருக்கும். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டாலும் இதே கதி. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தட்டையான பக்கம்தான் பாசிட்டிவ். மூடியில் கூட்டல் குறி இருக்கும் பக்கம் அது வர வேண்டும்.

எந்த அளவு என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கருவிதான் தீர்மானிக்கிறது. ஆனால் எந்தக் கருவி என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். பேட்டரிப் பேச்சு அங்கேயே தொடங்கிவிட வேண்டும். காதுக்குள் முழுக்கப் புதைந்து வெளியே தெரியாமல் இருக்கும் கருவிக்குப் பெரும்பாலும் 10. பட்டாணியை விடச் சின்னது, 5.8 மில்லிமீட்டர் அகலம். நாலைந்து நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். "யாருக்கும் தெரியக் கூடாது" என்று இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கை நடுக்கமோ, கண்புரையோ, விரல் மூட்டு வலியோ உள்ள 75 வயதுக்காரர், வாரம் ஒருமுறை இந்தப் பொடிப் பேட்டரியைக் கையாள வேண்டும் என்பதை வாங்கும்போது யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடினால் தேடி எடுக்கக்கூட ஆள் வேண்டும்.

காதுக்குப் பின்னால் மாட்டி, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் போகும் நவீன கருவிகளில் அதிகம் காணப்படுவது 312. சற்றுப் பெரிய பின்காது கருவிகளுக்கு 13. கடுமையான செவித்திறன் குறைவுக்கான சக்தி வாய்ந்த கருவிகளுக்கு 675. கொள்ளளவில் பெரிய வித்தியாசம் உண்டு. 10இல் சுமார் 100 மில்லி ஆம்பியர் ஹவர், 312இல் சுமார் 180, 13இல் சுமார் 300, 675இல் 600க்கு மேல்.

இந்த எண்ணை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம். கருவி ஒன்றரை மில்லி ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180ஐ ஒன்றரையால் வகுத்தால் 120 மணி நேரம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் அணிந்தால் 10 நாள். செல்போனோடு ப்ளூடூத்தில் இணைத்து மகளோடு ஒரு மணி நேரம் பேசினால், டிவியையும் அப்படியே நேராகக் காதில் கேட்டால், இழுப்பு கூடும், நாள் குறையும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நாள் வருகிற பேட்டரி நமக்கு ஆறு நாளில் தீர்ந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், இதை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

காற்றில் ஓடும் செல்

இந்தப் பேட்டரிகளுக்கு ஜிங்க் ஏர் என்று பெயர். உள்ளே துத்தநாகத் தூளும் காரக் கரைசலும் இருக்கின்றன. மின்சாரம் வர இன்னொரு பொருளும் வேண்டும், ஆக்சிஜன். அதை உள்ளே அடைத்து வைக்கவில்லை, வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பாசிட்டிவ் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இருக்கும் துளைகள் அதற்குத்தான். ஸ்டிக்கர் அந்தத் துளைகளை மூடிவைத்திருக்கிறது. ஆக்சிஜனுக்கு உள்ளே இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால் அந்த இடத்திலும் துத்தநாகத்தை நிரப்ப முடிகிறது. இத்தனை சிறிய உடம்பில் இத்தனை சக்தி வந்தது அப்படித்தான். தீரத் தீர இதன் எடை கொஞ்சம் கூடும், ஏனென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. வேலை செய்யச் செய்யக் கனக்கிற பேட்டரி வேறு எங்கே இருக்கிறது!

இந்தச் சின்ன உடம்புக்குப் பின்னால் நீண்ட வழி இருக்கிறது. வால்வு காலத்துக் காது கருவிக்குக் கனமான இரண்டு வகை பேட்டரிகளை உடம்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் முதலில் விற்பனைக்கு வந்த சாதனங்களில் ஒன்று காது கருவிதான், 1952 இறுதியில். நம் ஊரில் முகாம்களில் கொடுத்த சட்டைப்பை மாடல் பலருக்கு நினைவிருக்கும். பையில் தீப்பெட்டியை விடப் பெரிய ஒரு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒயர், உள்ளே பென்சில் செல். பெட்டிக் கடையிலும் பேட்டரி கிடைத்தது அந்த மாடலின் பெரிய பலம். காதுக்குப் பின்னால் போன கருவிகளுக்கு ஒரு காலத்தில் பாதரச செல்கள் ஓடின. பாதரசம் நஞ்சு என்பதால் அவை கைவிடப்பட்டன. 1970களில் சந்தைக்கு வந்த ஜிங்க் ஏர் அந்த இடத்தைப் பிடித்தது.

ஸ்டிக்கரை உரித்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. மறுபடி ஒட்டினாலும் நிற்காது. கருவியை அணிந்தாலும் அணியாவிட்டாலும் சில வாரங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் மிஷின் மாட்டிக்கொள்கிறவர்கள் "போன மாசம்தான் புதுசு போட்டேன், ஒரு நாள்கூட போடல, தீர்ந்துடுச்சு" என்று வருத்தப்படுவதன் ரகசியம் இதுதான். அவசரத்துக்கு ஆகட்டும் என்று ஒன்றை முன்கூட்டியே உரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வதும் இதே நஷ்டம்தான்.

உரித்தவுடன் போடவும் கூடாது. காற்று உள்ளே போய் மின்னழுத்தம் 1.4 வோல்ட் பக்கம் ஏறக் கொஞ்ச நேரம் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் மேசை மேல், துளைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்து வந்து போடலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், தானே காது கருவி அணியும் ஒரு பள்ளி மாணவன் அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்துப் பார்த்தான். ஐந்து நிமிடம் காத்திருந்து போட்டால் பேட்டரி கூடுதல் நாள் உழைக்கிறது என்று அவன் காட்டியதைக் காது மருத்துவ வட்டாரங்களில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

காற்றில் ஓடுவதால் ஊர்க் காற்றின் குணமும் அதைப் பாதிக்கிறது. இங்கேதான் அஸ்தினாபுரத்தில் இருப்பவர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதம் என்ற நடுநிலை இந்தப் பேட்டரிக்கு உகந்தது. அதற்குக் கீழே போனால் துளை வழியாக உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் காயும். மேலே போனால் வெளி ஈரத்தை உறிஞ்சி ஊதும், சில நேரம் கசியும். கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில், ஏரிகள் சூழ்ந்த தாம்பரம் வட்டாரத்தில், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் ஈரப்பதம் அந்த நடுநிலையைத் தாண்டித்தான் நிற்கும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்து எதிர்ப்பக்கம் போகும். வியர்வை இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் ராதா நகர் பக்கம் நடந்துவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால் ஊறும் உப்புத்தண்ணீர், பேட்டரியின் துளையையும் கருவியின் தொடுமுனைகளையும் சேர்த்தே அரிக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. இரவு படுக்கும் முன் கருவியைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்துவைக்க வேண்டும். கருவிக்குள் தேங்கிய ஈரம் வெளியேறும், மின் இழுப்பும் நிற்கும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் கருவியை வைக்கலாம். பேட்டரியை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஜெல் பேட்டரியையும் சேர்த்து உலர்த்திவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய விரலோடும், பவுடர் போட்ட கையோடும் பேட்டரியைத் தொடக் கூடாது. துளை அடைபட்டால் மூச்சு முட்டும். துணியில் கை துடைத்துவிட்டுத் தொட்டால் போதும்.

பிரிட்ஜ் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் குளிரில் வைத்தால் நீடிக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், முட்டைத் தட்டில் பேட்டரி அட்டை இருக்கும். ஜிங்க் ஏருக்கு அது கெடுதல். வெளியே எடுத்ததும் அதன்மேல் பனித்துளி படிந்து, ஸ்டிக்கர் ஓரம் வழியாக ஈரம் இறங்கும். ஸ்கூட்டர் டிக்கியும் கூடாது, டிவி மேலேயும் கூடாது. வெயில் படாத அலமாரியில், அட்டையோடு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி தெரியும்படி வைத்தால் போதும். உரிக்காத பேட்டரி மூன்று வருடம் போல் தாங்கும். வாங்கும்போது அந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேதி நெருங்கிய அட்டையைத் தள்ளுபடியில் வாங்குவது லாபம் ஆகாது.

பி, எல், எஸ்

வாட்ச் கடைக் குழப்பத்துக்குத் திரும்புவோம். சர்வதேசக் குறியீட்டில் 675க்குப் பெயர் பி.ஆர். 44. பொம்மைகளுக்குப் போடும் சாதாரண பட்டன் செல்லின் பெயர் எல்.ஆர். 44. இரண்டுக்கும் 11.6 மில்லிமீட்டர் அகலம், 5.4 தடிமன். வடிவத்தில் இரட்டைப் பிள்ளைகள். 312க்கு இணையாக எல்.ஆர். 41, 13க்கு இணையாக எல்.ஆர். 48 என்று மற்ற அளவுகளுக்கும் இதே ஜோடி உண்டு.

முதல் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பி என்றால் ஜிங்க் ஏர். எல் என்றால் ஆல்கலைன். எஸ் என்றால் சில்வர் ஆக்சைடு, கைக்கடிகாரத்துக்கு உரியது. எல்.ஆர். 44இன் கொள்ளளவு 150 மில்லி ஆம்பியர் ஹவரைத் தாண்டுவதே அரிது, நீல ஸ்டிக்கர் 675இல் கால் பங்குதான். அதோடு ஆல்கலைன் செல்லின் மின்னழுத்தம் முதல் நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சரியும், சத்தமும் அதோடு சேர்ந்து சோரும். ஜிங்க் ஏர் அப்படி இல்லை. கடைசி வரை ஒரே சீராக நின்று, முடியும்போது சட்டென்று விழும். அதனால்தான் கருவி "பீப் பீப்" என்று எச்சரித்த சிறிது நேரத்திலேயே நின்றுபோகிறது. மாற்று பேட்டரி சட்டைப்பையில் இருக்க வேண்டியது இதற்காகவே. அட்டையோடு இருக்கட்டும். சில்லறைக் காசோடும் சாவியோடும் சேர்த்துப் போட்டால் உரசித் தீர்ந்துவிடும்.

எந்த பிராண்ட் என்று கேட்பவர்கள் உண்டு. ரேயோவாக், பவர் ஒன், டூராசெல், கருவிக் கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்பவை என்று நம் கடைகளில் கிடைப்பவை எல்லாம் இதே ஜிங்க் ஏர்தான். அமெரிக்காவிலிருந்து வரும் மகன் பெட்டியில் கோஸ்ட்கோவின் 48 எண்ணிக்கைப் பாக்கெட்டைக் கொண்டுவருவதும் இந்தப் பக்கத்து வீடுகளில் நடப்பதுதான். அதுவும் நல்லதே, அப்பாவின் கருவிக்கான வண்ணத்தைக் கேட்டு வாங்கியிருந்தால். நிலையான விதி ஏதும் சொல்ல முடியாது. ஒரு பிராண்டை இரண்டு மூன்று அட்டை பயன்படுத்தி, நாள் கணக்கைக் குறித்துப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. உரித்த ஸ்டிக்கரைக் காலண்டரில் அந்தத் தேதி மேல் ஒட்டிவைத்தால் கணக்கு தானாக வந்துவிடும். இரண்டு ஸ்டிக்கர்களுக்கு நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணினால் போதும். சட்டென்று கட்டங்கள் குறைந்தால் ஒன்று பேட்டரி பழசு, இல்லையென்றால் கருவி அதிகமாக இழுக்கிறது. இரண்டாவது என்றால் ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்ட வேண்டும்.

ஒன்றரை மாத உதவித்தொகை

செலவைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமில்லை. வாரம் ஒரு 312 என்றால் ஒரு காதுக்கு வருடத்துக்கு 52. அட்டைக்கு ஆறு வீதம் ஒன்பது அட்டை. அட்டை 200 ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய். இரண்டு காதுக்கும் என்றால் 3,600. ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் இது செய்தித்தாள் செலவு மாதிரி. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதை நம்பி வாழும் ஒரு பாட்டிக்கு ஒரு காதின் பேட்டரி மட்டும் ஒன்றரை மாத வருமானம். அவர் பேட்டரியை மிச்சம் பிடிப்பார். பேரன் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். உரித்த பேட்டரி மிச்சப்படாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முகாமில் கருவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, கூடவே ஓர் அட்டை பேட்டரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது பாதி உதவிதான். இதை உணர்ந்த ஏற்பாடு ஒன்று தமிழக அரசிடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, செவித்திறன் குறையுடையோருக்கு இலவசக் காதொலிக் கருவியோடு, சூரிய சக்தியில் சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளையும் வழங்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. அஸ்தினாபுரவாசிகள் செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இந்த யோசனை ஆப்பிரிக்காவிலும் ஓடிய ஒன்று. போட்ஸ்வானாவின் ஓட்சே கிராமத்தில், காது கேளாத தொழிலாளர்களே சேர்ந்து சூரிய சக்திச் சார்ஜரையும் அதற்கேற்ற காது கருவியையும் தயாரித்தார்கள்.

நம் அரசுத் திட்டத்தில் ஒரு தடை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைந்தவரைத்தான் செவித்திறன் குறையுடையவராகக் கணக்கில் எடுக்கிறது. வயதால் 45, 50 டெசிபல் குறைந்து, பேரக்குழந்தையின் மழலை பிடிபடாமல் தவிக்கும் பெரும்பாலான முதியவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்குக் கருவியும் சொந்தச் செலவு, பேட்டரியும் சொந்தச் செலவு. முதியோர் நலத்தில் அக்கறை கொண்டவர்கள் உரத்துப் பேச வேண்டிய இடம் இது.

சார்ஜ் ஏறும் கருவியா?

இப்போது வரும் விலை உயர்ந்த கருவிகளில் பெரும்பாலானவை உள்ளேயே லித்தியம் அயான் பேட்டரியோடு வருகின்றன. இரவு டப்பாவில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறும், மறுநாள் முழுக்க ஓடும். ஸ்டிக்கர் உரிக்க வேண்டாம், கீழே விழுந்த பேட்டரியைத் தேட வேண்டாம். கை நடுங்குகிறவருக்கும் கண் மங்கியவருக்கும் இது வரம்தான். நாலைந்து வருடத்தில் உள் பேட்டரி தளரும், அதைக் கம்பெனி சர்வீசில்தான் மாற்ற முடியும் என்பதை வாங்கும்போதே விலையோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் 2016 டிசம்பர் 12ஐ இந்த வட்டாரம் மறந்திருக்காது. வர்தா புயல் கரையேறிய அன்று சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும் புறநகரைப் பல நாள் இருளில் வைத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர், பாதுகாப்புக்காக மின்சாரமும் நிறுத்தம். அப்படிப்பட்ட இரண்டாவது நாளில் சார்ஜ் கருவி வெறும் பிளாஸ்டிக். படகில் வந்து கூப்பிடுகிறவர்களின் குரல் காதில் விழ வேண்டிய நேரம் அதுதான். சார்ஜ் கருவி வைத்திருப்பவர் ஐப்பசி பிறக்கும் முன் நல்ல பவர் பேங்க் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். பல சார்ஜர் டப்பாக்கள் செல்போன் ஒயரிலேயே இயங்கும். பழைய ஜிங்க் ஏர் கருவி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாமல், ஓர் அட்டையோடு எடுத்துவைக்கலாம். ஜிங்க் ஏர் பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

உட்செவியில் அறுவை சிகிச்சை மூலம் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு வேறு கணக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தக் கருவியின் வெளியே அணியும் பகுதி மின்சாரத்தை அதிகம் இழுக்கும். அதற்கென்று காற்றுத்துளை கூடுதலாக வைத்த தனி 675 உண்டு, அட்டையில் இம்ப்ளான்ட் என்று போட்டிருக்கும். சாதாரண நீல ஸ்டிக்கரைப் போட்டால் வகுப்பு நடுவில் கருவி விட்டுவிட்டு இயங்கும். குழந்தை கவனிக்கவில்லை என்று டீச்சர் சொல்வார், கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் என்றதும் மனம் பதறுகிற விஷயம் ஒன்று. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கீழே விழுந்த பேட்டரியைத் தேடி எடுக்காமல் படுக்கப் போகக் கூடாது. வாயிலோ மூக்கிலோ காதிலோ போனால் அது உள்ளே இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், வீட்டு வைத்தியம் பார்க்காமல், உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தைகளின் கருவியில் பூட்டும் மூடி கேட்டு வாங்கலாம். பெரியவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வைக்கும் டப்பாவிலேயே பேட்டரியையும் வைத்து, மங்கலான வெளிச்சத்தில் மாத்திரை என்று நினைத்து விழுங்கியவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை ஒரு அறையில், பேட்டரி இன்னொரு அறையில் இருக்கட்டும்.

தீர்ந்ததை என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களுக்கே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. நடைமுறை வழி என்னவென்றால், பழைய மாத்திரைப் பாட்டில் ஒன்றில் சேர்த்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த அட்டை வாங்கப் போகும்போது அந்த இடத்திலேயே கேட்பது. வாங்க மறுத்தால், தூய்மைப் பணியாளரிடம் தனிப் பொட்டலமாகக் கட்டி, இன்னது என்று சொல்லிக் கொடுக்கலாம். குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் அவர்கள்.

பேட்டரி வாங்கக் கடைக்குப் போவது பெரும்பாலும் தாத்தா இல்லை. பேரனோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ, மாடி வீட்டுப் பையனோதான் போவார்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட ஒரு சீட்டு வேண்டும். பீரோ கதவின் உட்புறம், கேஸ் புக்கிங் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் நகல் ஒன்றும் ஒட்டியிருக்கட்டும். பெரிய எழுத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: "312. பழுப்பு ஸ்டிக்கர். ஜிங்க் ஏர். தேதி பார்த்து வாங்கவும். வாட்ச் செல் வேண்டாம்."